பட்டறைக் கேள்வி–பதில்: பல முனைக் கனெக்டரும் கிரிம்ப் பின்னும்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பல முனைக் கனெக்டர்களைப் பற்றியவை. பட்டறையில் நாம் மல்டிபின் என்றும், வண்டி வேலை செய்வோர் கப்ளர் என்றும் சொல்லும் அதே பொருள்தான். ஒயரைப் பின்னின் குழலுக்குள் நுழைத்துக் கருவியால் அமுக்கிப் பொருத்துவதைத்தான் கிரிம்ப் என்கிறோம். ஒரே கேள்வியை வெவ்வேறு சொற்களில் கேட்டிருந்தவர்களை ஒன்றாகச் சேர்த்து, ஐந்து கடிதங்களுக்கு இங்கே விடை தருகிறேன்.

கேள்வி: பிளாஸ்டிக் வார்ப்பு இயந்திரங்கள் வைத்து நடத்துகிறேன். அச்சின் ஹீட்டர்களுக்குச் செல்லும் 24 பின் கனெக்டரில் ஒன்றிரண்டு பின்களைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் அடிக்கடி கருகி உருகிவிடுகிறது. எந்த ஹீட்டரும் 9 ஆம்பியருக்கு மேல் இழுப்பதில்லை. கனெக்டரிலோ 16 ஆம்பியர் என்று பொறித்திருக்கிறது. ஒயர் கழன்று வராமலிருக்க எங்கள் எலக்ட்ரீசியன் கிரிம்ப் செய்த பிறகு ஈயமும் வைத்துத்தான் தருகிறார். அப்படியும் ஏன் கருகுகிறது? (வாசகர், கப்பலூர்)

பதில்: ஈயமும் வைத்துத்தான் தருகிறார் என்று நீங்கள் எழுதியிருக்கும் இடத்திலேயே பாதி விடை இருக்கிறது. நன்றாகச் செய்த கிரிம்புக்கு ஈயம் தேவையில்லை. ஈயம் தேவைப்படுகிறது என்று ஒருவருக்குத் தோன்றினால், அவர் செய்த கிரிம்பில் அவருக்கே நம்பிக்கை இல்லை என்றுதான் பொருள்.

கிரிம்ப் என்பது ஒயரைக் கவ்விப் பிடித்துக்கொள்வது மட்டுமன்று. பின்னின் பின்புறக் குழலுக்குள் செம்பு இழைகளை நுழைத்து உரிய கருவியால் அமுக்கும்போது, குழலும் இழைகளும் சேர்ந்து உருமாறுகின்றன. இழைகளின் மேல் படிந்திருக்கும் ஆக்சைடுப் படலம் உராய்வில் கிழிந்து, புதிய உலோகம் புதிய உலோகத்தோடு அழுந்திப் பொருந்துகிறது. இழைகளுக்கு நடுவே இருந்த காற்றிடம் மறைந்துபோவதால், அதன் பிறகு ஈரமோ புகையோ உள்ளே சென்று அரிக்க வழியில்லாமல் போகிறது. இதற்காகச் செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காடு வரை குறையும்படி அமுக்க வேண்டும். குறைவாக அமுக்கினால் இடைவெளி மிஞ்சும், அதிகமாக அமுக்கினால் இழைகள் நசுங்கி அறுபடும். இந்தக் குறுகிய எல்லையைக் கட்டிங் பிளேயரைப் பிடித்த கையின் பலத்தால் யாராலும் காக்க முடியாது.

இப்போது உங்கள் 9 ஆம்பியருக்கு வருவோம். சரியான கிரிம்பின் தடை ஒரு மில்லிஓம் அளவில் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், அங்கே வெப்பமாக மாறுவது 9 × 9 × 0.001, அதாவது ஒரு வாட்டில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை. அதே இடம் தளர்ந்து, ஆக்சைடு படிந்து, தடை 0.1 ஓமுக்கு ஏறிவிட்டால், அதே 9 ஆம்பியரில் 8 வாட் அங்கே வெப்பமாகிறது. நீங்கள் பயன்படுத்தும் 25 வாட் சால்டரிங் அயனில் மூன்றில் ஒரு பங்கு வெப்பத்தை, விரல் நுனி அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் துளைக்குள் நாள் முழுவதும் மூடி வைத்திருப்பதற்கு இது சமம். சூடேற ஆக்சைடு கூடும், ஆக்சைடு கூடத் தடை ஏறும், தடை ஏற மேலும் சூடாகும். மீட்டரில் ஆம்பியர் ஏறாது என்பதால் பிரேக்கரும் விழாது. ஆகவே கனெக்டரில் பொறித்திருக்கும் 16 ஆம்பியர் பொய்யன்று. அது சரியாகக் கிரிம்ப் செய்த பின்னுக்குச் சொன்னது.

ஈயம் இதில் இரண்டு வகையில் கெடுதல் செய்கிறது. ஒயர் நுனியில் முதலில் ஈயம் பூசிவிட்டுப் பிறகு அமுக்கினால், மென்மையான ஈயம் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நகர்ந்து விலகி, சில மாதங்களில் பிடிப்பு தளர்ந்துவிடுகிறது. அமுக்கிய பிறகு ஈயம் வைத்தாலோ, அது இழைகளின் இடுக்குகளில் ஏறி இன்சுலேஷனுக்குள்ளும் செல்கிறது. ஈயம் நின்ற இடம் வரை ஒயர் கம்பியைப் போல விறைத்துவிட, அதிர்வு முழுவதும் விறைப்பு முடியும் அந்த ஒரே புள்ளியில் விழுந்து, இழைகள் ஒவ்வொன்றாக அங்கே முறிகின்றன. மேலும், வழக்கமான ஈய–தகரக் கலவை 183 டிகிரியில் உருகும். அச்சுக்கு அருகே இருக்கும் கனெக்டரில் தடை ஏறத் தொடங்கினால் அந்த வெப்பநிலை எட்ட முடியாத தொலைவில் இல்லை.

அடுத்த முறை கருகிய பின்னை வெளியே எடுக்கும்போது குப்பையில் எறியாமல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒயர் நுழையும் குழல் பக்கம் அதிகம் கறுத்திருந்தால் குற்றம் கிரிம்பில். முன்பக்கம், அதாவது எதிர்ப் பின்னோடு சேரும் முனை கறுத்திருந்தால், பெண் பின்னின் (எதிர்ப் பின்னை உள்ளே வாங்கிக்கொள்ளும் பின்னின்) விரல்கள் விரிந்து பிடிப்பை இழந்துவிட்டன. இரண்டாவது நிலையில் ஒரு பக்கப் பின்னை மட்டும் மாற்றுவதில் பயனில்லை. சூட்டில் முறுக்கம் இழந்த விரல்கள் புதிய பின்னையும் கருக்கிவிடும் என்பதால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பிளாஸ்டிக் துளை உருகி அகன்றிருந்தால் அந்த உட்பகுதியையும் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

கடிதத்தில் கேட்காத ஒன்று: அதே அச்சிலிருந்து வரும், வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிள் ஒயர்களையும் கையில் கிடைத்த சாதாரணப் பின்னில் கோத்திருந்தால், கனெக்டரின் இரு பக்கமும் வெப்பநிலை மாறுபடும் அளவுக்குக் கன்ட்ரோலரில் தெரியும் டிகிரியும் பிசகும். இரும்பும் கான்ஸ்டன்டனும் சேர்ந்த ஜே வகைக்கு அதே உலோகங்களால் ஆன பின்கள் தனியாகவே கிடைக்கின்றன.

கேள்வி: கனெக்டரின் பக்கவாட்டில் ‘16 ஏ 500 வி 6 கே.வி. 3’ என்று அச்சிட்டிருக்கிறது. முதல் இரண்டும் புரிகின்றன. 6,000 வோல்ட் எங்கள் மில்லில் எங்கும் இல்லையே, அது எதற்கு? கடைசியில் தனியாக நிற்கும் 3 என்ன? (வாசகர், திருமங்கலம்)

பதில்: தொழிற்சாலைக் கனெக்டர்களுக்கான ஐ.இ.சி. (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) 61984 தரநிர்ணயத்தின்படி அச்சிடப்படும் வரிசை இது. 6 கே.வி. என்பது தொடர்ந்து ஓடும் வோல்ட் அன்று. மின்னலாலோ, பெரிய மோட்டாரை நிறுத்தும்போதோ, நொடியில் மிகச் சிறிய பகுதிக்கு லைனில் எழும் அதிர்ச்சி வோல்ட்டை இரு பின்களுக்கு இடையே பொறி தாவாமல் தாங்கும் அளவு. நிலையாகப் பொருத்திய 230/400 வோல்ட் தொழிற்சாலை இணைப்புகளுக்கு வழக்கமாக 4 கே.வி. கேட்பார்கள் என்பதால், உங்களிடம் இருப்பது அதற்கும் மேலானது.

கடைசி 3 மாசு நிலையைக் குறிக்கிறது. மின்சாரம் கடத்தும் தூசியோ, ஈரம் பட்டதும் கடத்தத் தொடங்கும் தூசியோ படியக்கூடிய சாதாரணத் தொழிற்சாலைச் சூழல் 3. ஓரளவு சுத்தமான, எப்போதாவது மட்டும் ஈரம் படியும் இடம் 2. அதே கனெக்டரை மாசு நிலை 2-இல் வைத்தால் கூடுதல் வோல்ட் தரலாம் என்று சில தயாரிப்பாளர்கள் இரண்டாவது வரியாகவும் அச்சிடுவார்கள். பஞ்சு பறக்கும் இடத்தில் இருக்கும் நீங்கள் அந்த இரண்டாவது வரியைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

இந்த வரிசையில் அச்சிடப்படாத இரண்டு செய்திகள் அச்சிட்டவற்றைவிட முக்கியமானவை என்பது என் கருத்து. முதலாவது, 16 ஆம்பியர் என்பது எல்லாச் சூழலுக்கும் ஒரே அளவில் பொருந்துவதன்று. சுற்றுச்சூழல் வெப்பமும், மின்னோட்டத்தால் கனெக்டரே அடையும் சூடும் சேர்ந்து அதன் உச்ச வெப்ப எல்லையைத் தாண்டக் கூடாது. பல வகைகளுக்கு அந்த எல்லை 125 டிகிரி. நம் ஊரில் சித்திரை, வைகாசியில் நிழலிலேயே 40 டிகிரியைத் தொடும்போது, தகரக் கூரையின் கீழே மூடிய பேனலுக்குள் 55, 60 என்று இருப்பது வியப்பில்லை. எல்லாப் பின்களிலும் ஒரே நேரத்தில் சுமை இருந்தால் அனுமதிக்கப்பட்ட ஆம்பியர் இன்னும் இறங்கும். கனெக்டரோடு வரும் தகவல் தாளில் வெப்பம் ஏற ஆம்பியர் சரியும் ஒரு வளைகோடு இருக்கும். வாங்கும்போது கடைக்காரரிடம் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, இவ்வகைக் கனெக்டர்களில் பெரும்பாலானவை சுமை ஓடும்போது பிரிப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவற்றைப் பிரிக்குமுன் மின்சாரத்தை நிறுத்தியே ஆக வேண்டும். நிறுத்தாமல் ஒருமுறை இழுத்தாலும் பின்னின் முனையில் பொறி விழுந்து குழியாகும், அந்தக் குழியிலிருந்துதான் பிறகு சூடு தொடங்கும்.

கேள்வி: எங்களிடம் இரண்டு நெல் அறுவடை இயந்திரங்கள் உள்ளன. அறுவடை முடிந்து சேற்றைக் கழுவிய மறுநாள் டிஸ்பிளேயில் சென்சார் கோளாறு என்று வருகிறது. 12 பின் கப்ளரைத் திறந்தால் உள்ளே தண்ணீர். வாட்டர் புரூஃப் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். ஒருமுறை ஒரு பின் மட்டும் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு வந்திருந்தது. (வாசகர், சோழவந்தான்)

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது டாய்ச் டி.டி. வகையைச் சேர்ந்த கப்ளர். விவசாய இயந்திரங்களிலும் மண் அள்ளும் இயந்திரங்களிலும் பரவலாக இருப்பது அதுதான். தண்ணீர் வருவது பெரும்பாலும் இரண்டு கப்ளர்களும் சேரும் முன்பக்கத்தால் அன்று; ஒயர்கள் நுழையும் பின்பக்க ரப்பரால்தான். அந்த ரப்பரின் ஒவ்வொரு துளையும் ஒயரின் இன்சுலேஷனைச் சுற்றி இறுகப் பிடித்துத் தண்ணீரைத் தடுக்கிறது. வழக்கமான ரப்பருக்கு இன்சுலேஷனோடு சேர்த்து ஒயரின் வெளிவிட்டம் 2.23 மில்லிமீட்டரிலிருந்து 3.68 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அறுந்த ஒயருக்குப் பதிலாகக் கையில் கிடைத்த மெல்லிய ஒயரைச் செருகினால், மின்சாரம் நன்றாகவே ஓடும். ஆனால் ரப்பருக்கும் ஒயருக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத வாய்க்கால் ஒன்று திறந்துவிடும். இன்சுலேஷன் டேப்பைச் சுற்றித் தடிப்பாக்குவதும் பயன் தராது, ஏனெனில் டேப்பின் அடுக்குகளுக்கு இடையிலேயே தண்ணீர் ஏறும். ஒயர் இல்லாத துளைகளை அதற்கென உள்ள பிளாஸ்டிக் முளைகளால் அடைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். 12 துளைகளில் ஒன்று திறந்திருந்தாலும் மீதிப் பதினொன்றின் ரப்பரும் வீண்.

கழுவும் நேரமும் ஒரு காரணம். எஞ்சின் சூட்டில் கப்ளருக்குள் இருக்கும் காற்று விரிந்திருக்கும். வேலை முடிந்த உடனே குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்சினால் அந்தக் காற்று சட்டெனச் சுருங்கி, வெளியே நிற்கும் தண்ணீரை ரப்பரின் ஓரமாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஐ.பி. 67 என்ற சான்று ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கியிருக்கும் சோதனைக்கு உரியது. பிரஷர் வாஷரை நேராக அருகில் பிடிப்பதைத் தாங்குவதற்கு வேறு சோதனை உண்டு. ஒரு மணி நேரம் ஆறவிட்டு, கப்ளரின் மேல் நேராக அடிக்காமல் கழுவினால், தண்ணீர் புகுவது பெருமளவு குறையும்.

பின் பின்னோக்கி வந்ததற்குக் காரணம் பூட்டு. இவ்வகையில் பின்னைப் பின்பக்கத்திலிருந்து நேராகச் செருக வேண்டும்; டிக் என்ற சத்தம் கேட்ட பிறகு ஒயரை மெல்ல ஒருமுறை பின்னுக்கு இழுத்து, நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாப் பின்களும் அமர்ந்த பிறகு, முன்பக்கத்தில் ஆப்புப் போன்ற பூட்டுத் துண்டை அழுத்திப் பொருத்த வேண்டும். அந்த ஆப்பு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் விரல்களை விலகவிடாமல் பிடிக்கிறது. ஆப்பு முழுவதும் இறங்க மறுக்கிறது என்றால், ஏதோ ஒரு பின் சரியாக அமரவில்லை என்று அது உங்களுக்குச் சொல்கிறது. பலர் அதைக் குறையென்று எண்ணி ஆப்பையே எடுத்துவிட்டு ஓட்டுகிறார்கள். பின்னை வெளியே எடுக்க வேண்டுமானால் முதலில் ஆப்பைக் கொக்கியால் இழுத்தெடுத்து, சிறிய ஸ்க்ரூடிரைவரால் அந்தப் பின்னுக்குரிய விரலை மட்டும் ஓரமாக விலக்கிப் பிடித்துக்கொண்டு, ஒயரைப் பின்னுக்கு மெதுவாக இழுங்கள். விரலை விலக்காமல் ஒயரை மட்டும் பலமாக இழுப்பவர் அன்றைக்குப் பின்னை எடுத்துவிடுவார். அந்தத் துளை இனி எந்தப் பின்னையும் பிடிக்காது.

கேள்வி: நான் மதுரையில் ஐ.டி.ஐ. எலக்ட்ரீசியன் பிரிவில் படிக்கும் மாணவி. பின்னின் அளவு 16 என்றும் 20 என்றும் சொல்கிறார்கள். 16-ஆம் எண் பின்னுக்கு 16 கேஜ் ஒயர்தான் போட வேண்டுமா? எண் குறையப் பின் பெரிதாவது ஏன்? (வாசகி, கே.புதூர்)

பதில்: தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம் நகைப்பட்டறை ஒன்றில், தடித்த கம்பியைத் துளைத் தகட்டின் வழியே இழுத்து இழுத்து மெலிதாக்குவதைப் பார்த்திருக்கிறாயா அம்மா? அமெரிக்க ஒயர் கேஜின் எண்ணும் அப்படி வந்ததுதான். எத்தனை முறை இழுத்தார்களோ அத்தனை என்ற எண்ணத்தில், எண் ஏற ஏறக் கம்பி மெலிகிறது. எண் மூன்று குறைந்தால் பரப்பு ஏறத்தாழ இரட்டிக்கும், ஆறு குறைந்தால் விட்டம் இரட்டிக்கும். நம் கடைக் கணக்கில், 20 கேஜ் என்பது சுமார் 0.52 சதுர மில்லிமீட்டர், 16 கேஜ் 1.31, 12 கேஜ் 3.31.

பின்னின் எண் அந்தக் கேஜிலிருந்து கடன் வாங்கியது. பொதுவாக ஓர் எண்ணுள்ள பின் அதே எண்ணுள்ள ஒயரைத் தடிமனின் மேல் எல்லையாக ஏற்கும், அதைவிட மெல்லிய சில ஒயர்களையும் ஏற்கும். ராணுவத் தரத்து வட்டக் கனெக்டர்களில் 16-ஆம் எண் பின் 16 முதல் 20 கேஜ் வரையும், 20-ஆம் எண் பின் 20 முதல் 24 கேஜ் வரையும் ஏற்கும். அவற்றின் முன்முனை விட்டம் முறையே சுமார் 1.6 மில்லிமீட்டரும் 1 மில்லிமீட்டரும். தாங்கும் மின்னோட்டம் 13 ஆம்பியரும் 7.5 ஆம்பியரும். ஆனால் இந்த ஒழுங்கை எல்லா இடத்திலும் எதிர்பார்க்காதே. நீ வேலைக்குச் சேரும் இடத்தில் சதுர மில்லிமீட்டர்க் கணக்கில் விற்கும் பின்கள்தான் அதிகம் இருக்கும்; அங்கே 1 சதுர மில்லிமீட்டர்ப் பின்னில் 0.5 ஒயரை இரண்டாக மடித்துச் செருகும் வழக்கத்தையும் காண்பாய். அதைக் கற்றுக்கொள்ளாதே. மடித்த இழைகள் குழலுக்குள் ஒழுங்காகப் படியாமல் இடைவெளி விட்டே நிற்கும்.

கேள்வி: டவுன்ஹால் ரோட்டில் கிரிம்பிங் டூல் பலவிதமாகக் கிடைக்கிறது, விலையும் சில நூறிலிருந்து பல ஆயிரம் வரை. எதை வாங்குவது? வாங்கியதைக் கொண்டு செய்த கிரிம்ப் சரியா என்று பட்டறையிலேயே எப்படித் தெரிந்துகொள்வது? அமுக்கிக் கெட்டுப்போன பின்னை நிமிர்த்தி மறுபடி பயன்படுத்தலாமா? (வாசகர், உசிலம்பட்டி)

பதில்: முதலில் உங்களிடம் இருப்பது எவ்வகைப் பின் என்று பாருங்கள். கடைந்தெடுத்த கெட்டிப் பின்னுக்கு நான்கு பக்கமும் முனைகள் குத்தும் கருவி வேண்டும். தகட்டில் வெட்டி மடித்த பின்னுக்கு அதன் இரு சிறகுகளையும் உள்நோக்கிச் சுருட்டி இறக்கும் கருவி வேண்டும். ஒன்றுக்குரியதை மற்றொன்றுக்குப் பயன்படுத்த முடியாது. ஒயர் நுனியில் திருகுக்காக மாட்டும் லக்கை அமுக்கும் டூல் இரண்டுக்குமே ஆகாது. எதுவானாலும், முழுவதும் அமுக்கி முடிக்கும் வரை கைப்பிடி திரும்ப விரியாத ராட்செட் உள்ளதையே வாங்குங்கள். காலை பத்து மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் கை ஒரே பலத்தோடு இராது என்பதற்காகவே அந்த ராட்செட் இருக்கிறது.

கருவிக்கு முன்னால் ஒயர் சீவுவதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மில்லில், வந்து வந்து போகும் ஒரு கோளாறைத் தேடி இரண்டு இரவுகள் கன்ட்ரோல் கார்டுகளை மாற்றிக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் கனெக்டரிலிருந்து பின்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தபோது, ஒன்றில் 16 இழைகளுக்குப் பதிலாக ஒன்பதுதான் குழலுக்குள் இருந்தன. மற்ற ஏழும் இன்சுலேஷனின் விளிம்பில் பிளேடு பட்ட இடத்திலேயே வெட்டுண்டு நின்றன. அமுக்கியது நல்ல கருவிதான், அமுக்கியவரும் நானே. 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 0.2 மில்லிமீட்டர் இழைகள் 16 இருக்கும்; இரண்டு போனாலே எட்டில் ஒரு பங்கு போய்விட்டது. ஆகவே அளவுக்குரிய பள்ளம் உள்ள ஸ்ட்ரிப்பரால் சீவி, இழைகளை எண்ணிப் பாருங்கள்.

சீவும் நீளம் குழலின் ஆழத்தைப் பொறுத்தது. பரவலாக உள்ள ஒரு 16 ஆம்பியர் வகைக்கு அது 7.5 மில்லிமீட்டர். கடைந்த பின்னின் குழலில் ஊசித்துளை போன்ற ஒரு பார்வைத் துளை இருக்கும். அமுக்குவதற்கு முன்னும் பிறகும் அதன் வழியே செம்பு தெரிய வேண்டும்; தெரியாவிட்டால் ஒயர் அடிவரை செல்லவில்லை. குழலின் வாய்க்கும் இன்சுலேஷனுக்கும் இடையே வெறும் செம்பு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தெரியவும் கூடாது, இன்சுலேஷன் குழலுக்குள் புகுந்திருக்கவும் கூடாது.

பிறகு இழுத்துப் பார்க்கும் சோதனை. ஐ.இ.சி. 60352-2 தரநிர்ணயம் கேட்கும் குறைந்தபட்ச விசை 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயருக்கு 60 நியூட்டன், 1-க்கு 108, 1.5-க்கு 150, 2.5-க்கு 230. ஆய்வுக்கூடத்து இயந்திரம் இல்லாத பட்டறையில் ஒரு பிளாஸ்டிக் குடம் போதும். மாதிரிக்காகச் செய்த ஒரு பின்னை வைஸில், கிரிம்ப் விழுந்த இடத்தை நசுக்காமல் முன்முனையைப் பிடித்து, ஒயரின் மறுமுனையில் குடத்தைக் கட்டித் தொங்கவிடுங்கள். 0.5 ஒயருக்குக் குடமும் தண்ணீரும் சேர்ந்து 6 கிலோவுக்குச் சற்று மேல், 1.5 ஒயருக்கு 15 கிலோவுக்குச் சற்று மேல் இருக்கட்டும். கையை மெதுவாக எடுத்து ஒரு நிமிடம் பாருங்கள். ஒயர் வழுக்கி வந்தால் அமுக்கியது போதவில்லை. மேலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போகும்போது, குழலின் வாயிலேயே அது குறைந்த எடையில் அறுந்தால் அமுக்கியது அதிகம், அல்லது சீவும்போது இழை வெட்டுப்பட்டிருக்கிறது. சோதித்த பின்னைத் தனியே எடுத்து எறிந்துவிடுங்கள். அது வேலைக்குப் போகக் கூடாது. புதிய ஒயர்ச் சுருளோ புதிய பின் பெட்டியோ பிரிக்கும் ஒவ்வொரு முறையும் இப்படி மூன்று பின்களைச் சோதிப்பது என் பழக்கம்.

அமுக்கிய பின்னை நிமிர்த்தித் திரும்பப் பயன்படுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாது. ஒருமுறை அமுக்கிய செம்புக் கலவை இறுகிவிடும். நிமிர்த்தும்போது குழலில் முடி போன்ற வெடிப்பு விழும், இரண்டாம் முறை அமுக்கும்போது அது பிளக்கும். ஒயரை ஒரு சென்டிமீட்டர் மேலே வெட்டிப் புதிய பின் போடுங்கள். அதற்காகவே, கனெக்டருக்குப் பின்னால் ஒயரை இழுத்துக் கட்டாமல் ஒரு விரல் நீளம் தளர்வு விட்டு வைப்பது நல்லது.